மூணு விரல் அகலம்

சிரிங்கடா, நல்லா சிரிங்க. பிலாலு, நீ மட்டும் வாய்ல இருக்கற பஜ்ஜிய முழுங்கிட்டுச் சிரி, போன வாட்டி என் சட்டையில துப்பின கறை இன்னும் போகல. தொப்ளான், உனக்கு எப்பவும் போல கடைசியிலதான் புரியும், வீட்டுக்குப் போயி தனியா சிரிச்சுக்க. அந்தக் கம்பெனியில என்னதான்டா கிழிக்கறேன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்கல்ல, சொல்றேன், கண்ணாடி பாக்கறேன். ஆமாடா, காலையில உள்ள பூந்தா சாயங்காலம் வரைக்கும் கண்ணாடி பாக்கறேன், நீங்க சலூன்ல ஓசியில பாக்கற அதே வேலைக்கு எனக்குச் சம்பளம். இப்பிடித்தான் ஆரம்பிக்கணும். சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல உக்காந்ததும், அவனுங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, டக்குனு. இப்பவே மனசுக்குள்ள ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கறேன். எனக்கு எல்லாமே இப்பிடித்தான், காலேஜ பாதியில விட்டுட்டு வந்தன்னைக்கு பஸ்ஸுலயே அப்பாகிட்ட சொல்றதுக்கு ஒரு ஜோக்கு ரெடி பண்ணிட்டேன். அப்பா சிரிக்கல, அது வேற. இந்தக் கதைக்கும் ஆரம்பம் நல்லா வந்துடுச்சு, முடிவுதான் வர மாட்டேங்குது, ஏன்னா முடிவு இன்னும் என் முன்னாடி படுத்துக்கிட்டு இருக்கு, ரோலர் மேல, டபுள் காட் கட்டிலவிட பெருசா, குளிச்சுத் தொவட்டிக்கிட்டு, ஃபர்னஸுக்குள்ள போறதுக்குக் காத்துக்கிட்டு. ஒரே கண்ணாடி ஷீட்டு. அதுக்குள்ள, நடுவுல இல்ல, கொஞ்சம் எடது பக்கமா, ஒரு புள்ளி. கசகசாவுல பாதிகூட இருக்காது. மேல வென்டிலேட்டர்ல வெயிலு சரிஞ்சு விழுந்தப்ப மினுக்குன்னுச்சு, ஒரே ஒரு தடவ. தலைய இப்பிடிச் சாச்சா இல்ல. அப்பிடிச் சாச்சா இருக்கு. இல்ல. இருக்கு. எனக்குப் பின்னாடி ஸ்கிரீன்ல பச்சை எரியுது. சுத்தம்ங்குது மிஷினு. மிஷினு சொன்னா சரிதான, அதுக்குத்தான அத்தன கேமரா, நான் யாரு, அரியர் வெச்சவன். கையில வேஸ்ட் துணி இருக்கு. ஒரு தடவ தொடச்சுப் பாத்தா தெரிஞ்சுடும், தூசின்னா போயிடும். போகலன்னா? போகலன்னா உள்ள இருக்குன்னு அர்த்தம். அதனாலதான் துணி கையிலயே இருக்கு. எதிர்ல ஃபர்னஸ் கதவுக்கு மேல செவப்பு லைட்டு. உள்ள வேற ஷீட்டுங்க வெந்துக்கிட்டு இருக்கு. அது பச்சையானா கதவு தொறக்கும், ரோலர் சுத்தும், இது உள்ள போயிடும். அவ்வளவு நேரம் இருக்கு எனக்கு. ரொம்ப இல்ல, ஆனா ஒரு மனுஷன் கெட்ட யோசனையெல்லாம் யோசிக்கறதுக்குப் போதும்.

கொசுவா இருக்கும். கொசுக் காலா இருக்கும். ஒரு தடவ அப்பிடித்தான், ஓடிப் போயி செவப்பு பட்டன அமுக்கி லைன நிறுத்திட்டேன், எல்லாரும் சூழ்ந்துக்கிட்டாங்க, டார்ச் அடிச்சுப் பாத்தா கொசுக் காலு, மீதிக் கொசு கூட இல்ல. அன்னையிலிருந்து கேன்டீன்ல எனக்குக் கொசு இன்ஸ்பெக்டர்னு பேரு. யாராச்சும் கையத் தட்டினா, "சுகு, வாடா, பாடி கெடச்சுடுச்சு." நானும் சிரிச்சேன், நான்தான் மொதல்ல சிரிச்சேன், நம்ம ஆளுங்க சிரிக்கறதுக்கு முன்னாடி நாம சிரிச்சுட்டா வலிக்காது. ஆனா மிஷினும் என்ன மாதிரிதான்டா இருந்துச்சு அப்ப. அடியில நீளமா ஒரு லைட்டு, மேல வரிசையா கேமரா, நடுவுல ஷீட்டு போகும், வெளிச்சத்த எது மறச்சாலும் செவப்புக் கட்டம் போடும். தூசிக்கும் செவப்பு, தண்ணித் துளிக்கும் செவப்பு, நெஜக் குறைக்கும் அதே செவப்பு. செவப்பு வந்தா நான் எழுந்து போயி கண்ணால பாக்கணும், அதான் என் வேல. ஒரு மணி நேரம் சேந்தாப்ல உக்காந்ததில்ல. நல்ல கண்ணாடியையெல்லாம் கெட்டதுன்னு ஒதுக்கி ஒதுக்கி, ஹெட் ஆபீஸ்லருந்து போனு மேல போனு, தமயந்தி மேடம் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவங்கதான் இந்த ஸ்கேனருக்கு இன்ஜினியர். என்ன வேலைக்கு எடுத்ததே அவங்கதான், இன்டர்வியூல ஏன் படிப்ப விட்டன்னு கேட்டாங்க, படிப்புதான் மேடம் என்ன விட்டுச்சுன்னேன், பேனாவ கீழ வெச்சுட்டுச் சிரிச்சாங்க. "துல்லியத்த ஏத்தணும் சுகு, இந்த வருஷம் ஏத்தலன்னா என்ன பெர்மனென்ட் பண்ண மாட்டாங்க"ன்னு என்கிட்டயே சொல்லியிருக்காங்க, ஒரு டிரெய்னிகிட்ட. அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சாங்க, ஸ்கேனருக்கு நான் வெச்சேன். மத்தவங்க மிஷினுக்கு நெத்தி எதுன்னு தேடி மேல வெச்சாங்க, நான் கீழ குனிஞ்சு அந்த லைட்டு மூடி மேலயே சந்தனத்த மூணு விரலால இழுத்து விட்டேன், "இதுக்கு மூஞ்சியில வெளிச்சமே கீழதான் இருக்கு, அப்ப நெத்தியும் அங்கதான்"ன்னு. ஹாலே சிரிச்சுது. மேடமும் சிரிச்சாங்க. லீவு முடிஞ்சு வந்தா சந்தனம் காஞ்சு சிமென்டு மாதிரி ஒட்டிக்கிச்சு, நான் கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கற கம்பி நாரு கொண்டாந்து தேய்ச்சேன். சந்தனம் போயிடுச்சு. கீறலு வந்துடுச்சு.

அதுக்கப்புறம் எந்த ஷீட்டு போனாலும் ஒரே எடத்துல செவப்பு. ஷீட்டுல இல்லாத குறைய மூடியில இருக்கற கீறலு இருக்கற மாதிரி காட்டுது. புது மூடி வெளிநாட்டுலருந்து வரணும், வர்ற வரைக்கும் அந்த எடத்த மட்டும் பாக்காதன்னு மிஷினுக்குச் சொல்லிடலாம்னாங்க மேடம். செட்டிங்குல ஒரு பக்கம் இருக்கு, அதுல சாம்பக் கலர்ல ஒரு பட்டை போடலாம், மவுஸால இழுத்தா அகலமாகும். பட்டைக்கு அடியில என்ன வந்தாலும் மிஷினு கண்ண மூடிக்கும். மேடமே போட்டாங்க, மூணு விரல் அகலம். எப்பிடின்னு எனக்கும் காட்டிக் குடுத்தாங்க, பாஸ்வேர்டும் குடுத்தாங்க, நம்பித்தான குடுத்தாங்க. அடுத்த நாளே செவப்பு கொறஞ்சுடுச்சு. எனக்கு உக்கார நேரம் கெடச்சுது. உக்காந்தா தூக்கம் வருது, தூங்கப் போறப்ப பட்டைக்குப் பக்கத்துல ஒரு செவப்பு, தண்ணித் துளி. எழுந்து போயி தொடச்சுட்டு வந்தேன். திரும்ப ஒன்னு. பட்டைய கொஞ்சம் இழுத்தேன், ஒரு விரல்தான். இன்னொரு நாளு இன்னொரு விரலு. இதெல்லாம் பெருசா முடிவு பண்ணிச் செய்யற வேல இல்லடா, படுத்துக்கிட்டே போர்வைய இழுத்து விட்டுக்கறோம்ல, அது மாதிரி. இப்ப அது என் முழங்கையிலருந்து விரல் நுனி வரைக்கும் இருக்கும். மேடம் இன்னும் மூணு விரலுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. புது மூடி எப்பவோ வந்து ஸ்டோர்ல பெட்டிக்குள்ள கெடக்கு, மாத்தணும்னா அர நாளு லைன் நிக்கணும், யாருக்கும் அவசரமில்ல, ஏன்னா கேட்டுக்குள்ள நொழஞ்சதும் ஒரு போர்டு இருக்கும் பாரு, அதுல துல்லியம்னு போட்டு நம்பர் எழுதுவாங்க, அது ஏறிக்கிட்டே போகுது. பாக்காததையெல்லாம் கழிச்சுட்டா பாத்ததெல்லாம் சரியாத்தானடா இருக்கும். ஹெட் ஆபீஸ்ல கேக்கு அனுப்பினாங்க. மேடம் மொத துண்ட எனக்குக் குடுத்து, "இவன் கண்ணுதான் காரணம்"னாங்க. நான் வாய் நெறைய கேக்க வெச்சுக்கிட்டு, "மேடம், கண்ணுக்கு ஒன்னுன்னா ரெண்டு கண்ணுக்கும் சேத்து ரெண்டு துண்டு"ன்னேன். சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. க்ரீமு தொண்டையில வழவழன்னு எறங்குச்சு. இப்ப நெனச்சா அதே வழவழப்பு நாக்குல வருது. அந்தப் புள்ளி எங்க இருக்கு? எடது பக்கமா. பட்டை எந்தப் பக்கம்? எடது பக்கம். தெரியும்டா, தெரியாத மாதிரி கேட்டுப் பாத்தேன்.

செவப்பு லைட்டு இன்னும் செவப்பாத்தான் இருக்கு. ரோலர் பக்கத்துல ஏசுபாதம் அண்ணன் ஸ்டூல்ல உக்காந்து கழுத்தத் தொடச்சுக்கறாரு. ஃபர்னஸ் அவரு கையில. ரொம்பப் பேச மாட்டாரு, மத்தியானம் கொழம்ப சோத்துல ஊத்தி ஊத்தி சாப்புடுவாரு, எனக்கு ஒரு மீன் துண்டு தனியா எடுத்து வெப்பாரு. அன்னைக்கும் சாப்ட்டுக்கிட்டுத்தான் இருந்தோம், நான் சேந்த புதுசு, யார்டுல நெழல்ல உக்காந்து. ஃபர்னஸ்ல போயி வந்த ஷீட்டுங்கள ஸ்டாண்டுல சாச்சு வெச்சிருந்தாங்க. காத்து இல்ல. ஒரு காக்கா கூட இல்ல. யாரும் தொடல. அதுல ஒரு ஷீட்டு, அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்த ஷீட்டு, வெடிச்சுது. உடையலடா, வெடிச்சுது. கல்யாண சமையல் பாத்திரத்தையெல்லாம் மாடியிலருந்து ஒரே நேரத்துல தள்ளி விட்ட மாதிரி. அப்புறம் கொஞ்ச நேரம் சர்ருன்னு கொட்டிக்கிட்டே இருந்துச்சு, அந்தச் சத்தம்தான் மொத சத்தத்தவிட மோசம். என் சோத்துல ஒரு துண்டு வந்து விழுந்துச்சு, சக்கரக் கட்டி மாதிரி, வெதுவெதுன்னு. நான் அதக் கையில எடுத்துப் பாத்தேன். அண்ணன்தான் சொன்னாரு, "உள்ள கல்லு இருந்திருக்கும்டா தம்பி." கண்ணாடி உருக்கறப்பவே உள்ள மாட்டிக்கறதாம். குமிழின்னா வெள்ளையா மினுக்கும், அது பாவம், யாரையும் ஒன்னும் பண்ணாது. கல்லுன்னா நடுவுல கறுப்பா ஒரு மொனை, சுத்திக் கண்ணாடி லேசா நெளிஞ்ச மாதிரி இருக்கும். கண்ணாடியச் சுட்டு டப்புனு குளிர வெச்சா கண்ணாடி இறுகிக்கும், ஆனா உள்ள இருக்கற கல்லு மட்டும் மெதுவா உப்பிக்கிட்டே இருக்கும், நாள் கணக்குல, வருஷக் கணக்குல, என்னைக்குன்னு சொல்ல முடியாது. எல்லாக் கல்லும் வெடிக்காது தம்பின்னாரு. எது வெடிக்கும்ணேன்னேன். "வெடிச்சது வெடிக்கும்"னாரு. அதுக்கப்புறம்தான் இங்க ஒரு பழக்கம் வந்துச்சு. மிஷினு பச்சைய காட்டினாலும், கதவு தொறக்கறதுக்கு முன்னாடி அண்ணன் கத்துவாரு, "கண்ணு?" பாத்தவன் திருப்பிக் கத்தணும், "ஆச்சு!" அதக் கேக்காம அவரு ஷீட்ட உள்ள விட மாட்டாரு. மேனேஜர் இத ரூலா போடல, அண்ணனே போட்டது. நான் இத வெச்சு எத்தன காமெடி பண்ணியிருக்கேன். "கண்ணு?" "கலங்குதுண்ணே!" "கண்ணு?" "கல்யாணம் ஆயிடுச்சுண்ணே!" அவரு கையத் தூக்கி அடிக்கற மாதிரி காட்டுவாரு, ஆனா ஆச்சுன்னு நான் ஒழுங்கா சொல்ற வரைக்கும் பட்டன்ல கைய வைக்க மாட்டாரு. என் வாய அந்த மனுஷன் நம்பறாரு பாருங்கடா. என் வாய.

ஷீட்டு மூலையில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. எங்க போகுதுன்னு அதுல இருக்கும். படிக்க வேண்டியதில்ல, இந்த மாசம் பூரா ஒரே எடத்துக்குத்தான் போகுது, நம்ம புது பஸ் ஸ்டாண்டு கூரைக்கு. பிலாலு, நீ கடை எடுத்திருக்கியே அதே பஸ் ஸ்டாண்டு. ஜூஸ் கடைக்கு எடம் பாக்கப் போனப்ப நான்தான கூட வந்தேன், ஓரத்துல இருக்கற கடைய நீ கேட்ட, வேணாம்டா நடுவுல எடு, மேல கண்ணாடி, வெளிச்சமும் வரும் மழையும் வராது, பழமெல்லாம் தளதளன்னு தெரியும்னு நான்தான் சொன்னேன். நீ மேல அண்ணாந்து பாத்த, பாதிக் கூரை போட்டு முடிச்சிருந்தாங்க, வானம் பச்சையா தெரிஞ்சுது. "உன் கம்பெனி கண்ணாடியாடா?"ன்ன. "நான் பாத்த கண்ணாடிடா"ன்னேன், காலரத் தூக்கி விட்டுக்கிட்டு. ரெண்டு கண்ணாடிய நடுவுல பசை வெச்சு ஒட்டியிருந்தா ஒடைஞ்சாலும் தொங்கும், வெல அதிகம்னு பஸ் ஸ்டாண்டு கட்டறவங்க அது வேணாம்னுட்டாங்களாம். சுட்ட கண்ணாடிய திரும்பவும் சூட்டுல வெச்சு, வெடிக்கறதெல்லாம் இங்கயே வெடிக்கட்டும்னு ஒரு டெஸ்ட் உண்டு, அதுவும் வேணாம்னுட்டாங்களாம். அப்ப நடுவுல இருக்கறது என் கண்ணு மட்டும். தூள் தூளாத்தான ஒடையும், யாருக்கு என்ன ஆயிடும்பாங்க. அவ்வளவு ஒசரத்துலருந்து தூளா விழாது, கட்டி கட்டியா சேந்து விழும், யார்டுலயே பாத்தேன். பிலாலு மிக்ஸி போட்டுக்கிட்டு இருப்பான், அந்தச் சத்தத்துல மேல ஒன்னும் கேக்காது. சரி, அமுக்கிடலாம். லைன நிறுத்தற செவப்பு பட்டன் என் இடுப்பு ஒசரத்துல இருக்கு, கைய நீட்டினா போதும். அமுக்கினா மேடம் வருவாங்க. என்னடா சுகு. கல்லு மேடம். மிஷினு ஏன் சொல்லல? மிஷினு ஏன் சொல்லலன்னு தேடினா அந்த செட்டிங் பக்கம் தொறக்கும், சாம்பக் கலர்ல ஒரு முழம். மேடம் என்னப் பாப்பாங்க. திட்ட மாட்டாங்க. அதுதான். அப்புறம் கேப்பாங்க, எப்பலருந்து? இங்கதான்டா போயி போயி மாட்டிக்கறேன். இந்த ஒரு ஷீட்டுன்னா தூக்கிப் போட்டுடலாம், கை நழுவிடுச்சுன்னு நானே ஒடச்சுடக்கூட செய்யலாம், சம்பளத்துல புடிச்சுக்கட்டும். ஆனா இது ஒன்னு இல்லையே. இது கல்லுன்னா, மேல ஏத்தினது எல்லாத்துலயும் அந்த முழத்த யாரும் பாக்கல, நானும் ஸ்கிரீன்ல பச்சைய நம்பி ஆச்சு ஆச்சுன்னு கத்தினதுதான். எல்லா ஷீட்டுலயும் ஒரே எடம். கூரையில வரிசையா மாட்டினா அந்தப் பட்டையும் வரிசையா ஓடும், இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும், நடுக் கடை மேல நேரா. வெயில் அடிச்சா நெழல் கூட விழாது. இது தூசின்னா அதெல்லாமும் நல்ல கண்ணாடி. அப்பிடி நெனச்சுக்கலாம்ல? இது தூசியா இருந்துட்டா எல்லாமே தூசி, நானும் நல்லவன், மேடமும் பெர்மனென்ட், பிலாலுக்கும் வியாபாரம். இவ்வளவும் கசகசாவுல பாதி மேல நிக்குது.

துணிய வெச்சுட்டேன். எப்ப வெச்சேன்னு தெரியல, கை தானா போச்சு. ஒரு தடவ இழுத்தேன், மெதுவா, புள்ளைங்க மூஞ்சிய தொடைக்கற மாதிரி. தலைய சாச்சேன். நல்லா குனிஞ்சேன், என் மூச்சு கண்ணாடியில படிஞ்சு வெள்ளையாச்சு, அது கலையற வரைக்கும் ஒன்னும் தெரியல, அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. கலைஞ்சுது. நகத்தால தடவினேன், வழவழன்னுதான் இருக்கு, மேல ஒன்னும் இல்ல. உள்ள இருக்கு. கறுப்பா ஒரு மொனை. அதச் சுத்தி, கீழ இருக்கற ரோலரோட விளிம்பு லேசா நெளிஞ்சு தெரியுது. அதுல என் மூஞ்சியும் தெரியுது, அண்ணாந்து பாக்கற மாதிரி, கூரைக்கு அடியில நிக்கறவன் மாதிரி. சிரிங்கடா, இதுல ஒரு ஜோக்கு இருக்கணும், கொசு இன்ஸ்பெக்டர் கடைசியில நெஜ குத்தவாளிய புடிச்சான்னு, புடிச்சு, என்ன பண்ணான்னு. தொப்ளான், நீ இப்ப சிரிக்காத, பொறு. ஃபர்னஸ் கதவுக்கு மேல டப்புனு பச்சை. உள்ளருந்து அனல் வந்து மூஞ்சியில அடிக்குது, எனக்குப் பின்னாடி ஸ்கிரீன்லயும் பச்சை, ரெண்டு பச்சைக்கும் நடுவுல நான். ஏசுபாதம் அண்ணன் ஸ்டூல்லருந்து எழுந்துட்டாரு. கைய பட்டன் மேல கொண்டு போயி வைக்காம நிறுத்திக்கிட்டு என்னப் பாக்கறாரு.

"கண்ணு?"

செவப்பு பட்டன் என் இடுப்புகிட்ட இருக்கு. ஃபேன் சுத்துது. எங்கயோ மேடம் யார்கிட்டயோ போன்ல பேசற சத்தம், தேங்க்யூ சார், தேங்க்யூ சார்னு.

"டேய் கொசு! தூங்கிட்டியா? கண்ணு?"

எப்பவும் போல ஏதாச்சும் காமெடி பண்ணுவேன்னு பாதி சிரிப்ப ரெடியா வெச்சுக்கிட்டு நிக்கறாரு. அவருக்காகவாவது ஒன்னு சொல்லலாம்னு பாத்தேன்.

"ஆச்சுண்ணே."

"என்னடா இன்னைக்கு இவ்வளவு ஒழுங்கா சொல்ற"ன்னு சிரிச்சுக்கிட்டே அமுக்கினாரு. ரோலர் சுத்துச்சு. அந்த எடம் என் கைக்கு அடியிலருந்து நகந்து போச்சு, நான் கைய எடுக்கவே இல்ல, கண்ணாடிதான் போச்சு. கதவு மூடிக்கிச்சு. திரும்பச் செவப்பு. சாயங்காலம் நான் டீக்கடைக்கு வரல பிலாலு. வந்தா நீ அந்த நடுக் கடைய பத்திப் பேசுவ. தெரியாம நடந்துடுச்சுன்னு நாளைக்கு யாராவது சொன்னா நம்பாதீங்கடா. பாத்தேன். நல்லா பாத்துட்டுத்தான் சொன்னேன்.